ஏழரை எம்எம் மீன்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் ராசிங்காபுரம் போவதே இல்லை என்று காசிமாயன் முடிவு செய்தபோது, அவர் ராசிங்காபுரத்திலிருந்து போடிக்குத் திரும்பும் டவுன் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முடிவை மனசுக்குள்தான் எடுத்தார். பக்கத்து இருக்கையில் மனைவி ரேணுகா இருந்தாள்.

ராசிங்காபுரம் ரேணுகா பிறந்த ஊர். அங்கே காசிமாயனுக்கு ஒரு குறையும் கிடையாது. மச்சான் தங்கபாண்டி வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொள்வார். மாப்பிள்ளைக்கென்று மெத்தை போட்ட நாற்காலி ஒன்று தனியாக உண்டு. கோழியோ ஆடோ அன்றைக்கு ஏதாவது ஒன்று அவருக்காக உயிரை விட்டிருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் காசிமாயன் போடியில் ஏலக்காய் வியாபாரி. ரேணுகாவின் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குக் குரங்கணிக்கு மேலேயோ போடிமெட்டுப் பக்கமோ ஒரு துண்டு ஏலக்காடு இருந்தது. இந்த இரண்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளும்.

இலையை மடித்து, கை கழுவி, வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டு, கண்ணை மூடலாம் என்று நாற்காலியில் சாய்வார். முதல் பை வந்துவிடும். "மாமா, இந்தக் காயக் கொஞ்சம் பாருங்க." காசிமாயன் காயை உள்ளங்கையில் கொட்டுவார். கட்டைவிரலால் உருட்டுவார். ஒன்றைக் காதருகே ஆட்டுவார். ஒன்றை உடைத்து உள்ளே ஏலரிசி கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு, "ஏழு எம்எம்" என்பார். ஏலக்காய்க்குப் பருமன்தான் தரம், எம்எம் கூடினால் விலையும் கூடும். பை கொண்டுவந்தவருக்கு முகம் தொங்கிப்போகும். அவர் தன் காய் எட்டு எம்எம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பார். சரி, பெரிய மனசு பண்ணி எட்டு என்று சொன்னால், "அப்ப எட்டு வெலைக்கு நீங்களே எடுத்துக்கங்க மாமா" என்று பையை மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குள் அடுத்த பை. சுருக்குப்பை, மஞ்சப்பை, தூக்குவாளி. ஒருமுறை ஒரு பச்சைப்பிள்ளையின் காலுறையில்கூடக் காய் வந்தது. வாரம் ஆறு நாளும் கடையில் பார்க்கிற சோலியை ஏழாவது நாளும், அதுவும் கறிச்சோற்று மயக்கத்தில், ஓசியில் பார்க்க வேண்டும். மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் என்று ஒன்று வேண்டாமா?

இதை ரேணுகாவிடம் நேராகச் சொல்ல முடியாது. ரேணுகா சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். சண்டை போடுகிறவளாக இருந்திருந்தால் காசிமாயன் என்றைக்காவது ஒரு நாள் ஜெயித்திருப்பார். அவள் "சரி" என்று மட்டும்தான் சொல்வாள். அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடக்கும். வீட்டுக்கு இந்த வருஷம் பெயிண்ட் கிடையாது என்று ஒரு தீபாவளிக்கு முன்னால் காசிமாயன் கறாராகச் சொன்னார். ரேணுகா சரி என்றாள். தீபாவளியன்று வீடு பச்சை நிறத்தில் பளபளவென்று நின்றது. அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்ததே காசிமாயன்தான். அது எப்படி நடந்தது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே, காரணம் ஒன்று வேண்டும். வலுவான காரணம். உயிருள்ள காரணமாக இருந்தால் இன்னும் நல்லது.

அது அடுத்த வாரமே கிடைத்தது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாம் என்கிறவர் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். காசிமாயன் தலையைத் துவட்டிக்கொண்டே நிமிர்ந்தபோது, ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியிலிருந்து யாரோ தன்னை முறைப்பது போல இருந்தது. பார்த்தால், கட்டைவிரல் நகம் அளவு ஒரு மீன். பச்சை முதுகில் கறுப்புப் புள்ளிகள். உருண்ட வயிறு. நீந்தாமல் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. ஒரு கண் காசிமாயனைப் பார்த்தது, இன்னொரு கண் வெளியே மழையைப் பார்த்தது.

அது பஃபர் என்று சாம் சொன்னார். கடற்கரைப் பக்கம் பேத்தை என்பார்களே, அந்த இனத்தில் இது குட்டி ரகம். பூர்வீகம் கேரளத்து ஆறு. இது மட்டும் தொட்டியிலேயே பிறந்தது. பயம் வந்தால் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும். மற்ற மீன்களோடு விட்டால் வாலைக் கடித்துக் குதறிவிடும், அதனால்தான் தனிக்குடித்தனம். யாரோடும் ஒத்துப்போகாமல், யார் வீட்டுக்கும் போகாமல் தனியாக இருக்கும் அந்த மீன்மேல் காசிமாயனுக்கு அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது.

"பொட்டலத்து எரையெல்லாம் தொடாதுண்ணே," என்றார் சாம். "உசுரோட நத்தை வேணும். இதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். நத்தை ஓட்டக் கடிச்சாத்தான் தேயும். சோலி புடிச்ச மீனு. கூடவே ஆளு இருந்து பாக்கணும்."

காசிமாயன் துவட்டுவதை நிறுத்தினார். "கூடவே ஆளு இருக்கணுமா? விட்டுட்டு எங்கயும் போக முடியாதா?"

"அப்படியில்லண்ணே, ஒரு நாளு ரெண்டு நாளுன்னா ஒண்ணும்..."

"வேண்டாம்," என்று காசிமாயன் கையை உயர்த்தினார். "அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். நீ சொன்னதுல மொதப் பாதி மட்டும் போதும். வீட்ல கேட்டாலும் அத மட்டும் சொல்லு."

சாம் சங்கடமாகச் சிரித்தார். தான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்றும், பொய் சொல்ல வராது என்றும், ஆனால் யாரும் கேட்காதவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்றும் சொன்னார். காசிமாயனுக்கு அது போதுமாக இருந்தது. ரேணுகாவாவது, மீன் கடைக்கு வந்து விசாரிப்பதாவது. அவர் கண்ணாடியருகே உள்ளங்கையை விரித்து வைத்து, தொழில் பழக்கத்தில் ஒரு கண்ணைச் சுருக்கி மீனின் பருமனை மதிப்பிட்டார். ஏழரை எம்எம். நன்றாக ஊட்டி வளர்த்தால் எட்டு தாண்டும்.

தொட்டி, மணல், செடி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டார் எல்லாம் முதலில் வீட்டுக்கு வந்தன. சாம் சொன்னபடி தண்ணீரைக் கொஞ்ச நாள் ஓடவிட்டுப் பதப்படுத்தினார். பிறகுதான் மீனை இறக்கினார். டிவிக்கு எதிரே தொட்டி. ரேணுகா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத விட்டுட்டு இனிமே ஒரு நாளுகூட எங்கயும் நகர முடியாது," என்று காசிமாயன் விட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அவ்வளவு நாசூக்கான மீனு."

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். யாராச்சும் ஒருத்தரு வீட்ல இருந்துதான் ஆகணும்."

"நான் வேணா இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

காசிமாயன் இந்தப் பக்கத்திலிருந்து தாக்குதல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "இல்ல இல்ல. அதுக்கு என் கைதான் பழக்கம்."

"மீனு வந்து அரை மணி நேரந்தானே ஆச்சு?"

"பழகிருச்சு."

ரேணுகா குனிந்து மீனைப் பார்த்தாள். மீன் ஒரு கண்ணால் அவளையும் ஒரு கண்ணால் அவரையும் பார்த்தது. அது எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். ஏழரை இருக்கும் என்றார் அவர்.

"ஏழரையா? அதையே பேரா வச்சிருவோம். வீட்டுக்குப் பொருத்தமா இருக்கு," என்றாள். பிறகு, "சரி," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காசிமாயன் சாகும்வரை மறக்க மாட்டார். ரேணுகா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள். அவர் வாசலில் நின்று கையாட்டினார். உள்ளே வந்து ஏழரைக்கு நாலு நத்தை போட்டார். அது நத்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு கண்ணால் குறி பார்த்து, சதையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெற்று ஓட்டை மணலில் விட்டது. பிறகு காசிமாயன் படுத்தார். எழுந்தார். மணியைப் பார்த்தார். மறுபடியும் படுத்தார். ஒரு பையும் வரவில்லை. சாயங்காலம் ரேணுகா தூக்குவாளி நிறையக் கறிக்குழம்போடு திரும்பி வந்தாள். எல்லாரும் மாமா எங்கே, மாமா எங்கே என்று கேட்டார்களாம். மீனுக்கு ஆள் வேண்டும் என்று சொன்னாளாம். காசிமாயன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, உலகத்தில் இனி தனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை என்று நினைத்தார்.

சாம் கொடுத்த நத்தைகள் சீக்கிரமே தீர்ந்தன. சாமிடமும் கையிருப்பு இல்லை. வாய்க்காலிலோ வயலிலோ பொறுக்கினால் மருந்தடித்த தண்ணீர் நத்தையாக இருக்கும், மீன் செத்துப்போகும் என்று அவர் எச்சரித்திருந்தார். காசிமாயன் தொட்டிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ரேணுகா அரிசி புடைத்துக்கொண்டே, தன் அண்ணன் தோட்டத்தில் மாடுகளுக்குக் கட்டிய தண்ணித் தொட்டியில் பொடி நத்தையாக அப்பிக் கிடப்பதாகச் சொன்னாள். அங்கே மருந்து எதுவும் படாது. காசிமாயன் நடையை நிறுத்தினார். ராசிங்காபுரமா? தன் காரணமே தன்னை அங்கே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறதே.

"நீங்க எதுக்கு அலையணும்," என்றாள் ரேணுகா. "நான் போறப்ப அள்ளிக் கொண்டாறேன்."

இவ்வளவு நல்லவளையா ஏமாற்றுகிறோம் என்று காசிமாயனுக்கு நெஞ்சு குத்தியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்ததும் அது சரியாகிவிட்டது.

இப்படியே வாரங்கள் போயின. வாராவாரம் நத்தை வந்தது. நல்ல தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைத்து, காசிமாயன் கடைக்குக் கிளம்பும்போது ஒரு கை, கடையிலிருந்து வந்ததும் ஒரு கை என்று போடுவார். தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை வாரம் ஒருமுறை மாற்றுவார். வெற்று ஓடுகளைக் கரண்டியால் அள்ளுவார். இந்த வேலையெல்லாம் தனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதை அவர் கவனிக்கக்கூட இல்லை. ஏழரை உருண்டது. வயிறு முன்னே வந்தது. கொஞ்ச நாளில் வயிறுதான் நீந்தியது, மீன் அதன் பின்னாலேயே போனது.

வேறு யாராக இருந்தாலும் இதைப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பார்கள். ஏலக்காய் வியாபாரியின் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே வகைதான், உப்பினது, சூம்பினது. உப்பினது உசத்தி. காசிமாயன் செல்போனில் படம் எடுத்துப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் காட்டினார். அவர்களும் அதே தொழில்தான். ஆகவே ஒருவர் விடாமல் பாராட்டினார்கள். ஒன்பது எம்எம் இருக்கும், முதல் தரம், எந்தக் காட்டுக் காய் இது என்று கேலியும் செய்தார்கள். எல்லாம் தன் கைராசி என்று காசிமாயன் அடக்கமாகச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் மூன்றாவது மாதம் வாக்கில் ஞாயிற்றுக்கிழமை மெல்லப் புளிக்க ஆரம்பித்தது. எவ்வளவு நேரம்தான் தூங்க முடியும்? எழுந்தால் பேச ஆள் இல்லை. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று, அவளும் போனில் மீனைத்தான் முதலில் விசாரித்தாள். ஏழரை நல்ல மீன்தான், ஆனால் அது பதில் பேசுவதில்லை. சாப்பாடும் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் கறிக்குழம்பு வந்த தூக்குவாளியில் அப்புறம் ரசம் வந்தது. ஒரு வாரம் ஆசையாக மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்க நத்தை. கறி தீர்ந்துபோச்சு என்றாள் ரேணுகா. மத்தியானத்துக்கு அவள் வைத்துவிட்டுப் போன தயிர்சோற்றையும் எலுமிச்சை ஊறுகாயையும் சாப்பிட்டுவிட்டு, காசிமாயன் ஏழரை நத்தைக்கறி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு செய்தியும் வந்தது. ரேணுகா அதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாக விழுந்தது. ரேணுகாவின் தங்கை வீட்டுக்காரர் முத்துக்கண்ணன், சின்னமனூரில் தேங்காய் வியாபாரம், இப்போது வாராவாரம் ராசிங்காபுரம் வருகிறாராம். மெத்தை போட்ட நாற்காலி சும்மாதானே கிடக்கிறது என்று அதில்தான் உட்காருகிறாராம்.

"நல்லா ஒக்காரட்டும்," என்றார் காசிமாயன். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் தங்கபாண்டியிடமிருந்து போன் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டு. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிடாவின் ஈரலை மிளகு போட்டு வறுத்து, முதல் இலையில், மூத்த மாப்பிள்ளைக்கு முழுசாகப் பரிமாறுவார்கள். அவர் கை வைத்த பிறகுதான் பந்தியில் மற்றவர்கள் கை வைப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த இலை காசிமாயனுடையது. முத்துக்கண்ணன் ஒவ்வொரு முறையும் இரண்டாவது இலையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஈரலைப் பார்ப்பதே ஒரு தனி ருசி.

"மீன விட்டுட்டு ஒங்களால வர முடியாதுன்னு தங்கச்சி சொல்லுச்சு மாப்ளே," என்றார் தங்கபாண்டி. "நீங்க அதுக்காகச் சங்கடப்பட வேண்டாம். முத்துக்கண்ணன் இருக்காருல்ல. மொத எலையில அவர ஒக்கார வச்சிர்றோம்."

போனை வைத்த பிறகும் காசிமாயன் காதில் ஈரல் வறுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று ராத்திரி தொட்டியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஏழரை இப்போதெல்லாம் நன்றாகத் தேறிவிட்டது, ஒரு நாள் தனியாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன் என்றார். ரேணுகா பதறிப்போனாள்.

"ஐயோ, வாயில்லாச் சீவங்க. ஒங்க கை இல்லாம பச்சத்தண்ணிகூடக் குடிக்காதுன்னு எங்க ஆளுககிட்டயெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். கிடா இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம். நான் போயிட்டு ஒங்களுக்கு நத்தை கொண்டாறேன்."

நத்தை. முத்துக்கண்ணனுக்கு ஈரல், காசிமாயனுக்கு நத்தை.

மறுநாள் கடையைத் திறப்பதற்கு முன்பே அவர் சாம் கடையில் நின்றார். ஒரு வழி சொல்லு தம்பி என்று செல்போனை நீட்டினார். சாம் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அண்ணே, இதுக்கு யாரு யாரு எரை போடுறீங்க?"

"நான் மட்டுந்தான். வேற யாரு போட்டாலும் அது திங்காதே."

சாம் கூரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "ஒருத்தரு போட்டு வந்த வயிறு மாதிரி தெரியலண்ணே," என்றார். "இது நல்லதுக்கில்ல. இவ்வளவு கொழுப்பு ஆகாது. பட்டினி போடுங்க. ஒரு நாளு முழுசா ஒண்ணும் போடாதீங்க. அதான் வைத்தியம்."

காசிமாயனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பட்டினி! போடவே வேண்டாம் என்றால் போட ஆள் எதற்கு? ரேணுகா வந்து கேட்டால் இதே வார்த்தையைச் சொல்லு என்றார். கேட்டால் உள்ளதைச் சொல்லுகிறேன் என்று சாம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்போது அவர் சிரிப்பை அடக்கினார் என்பதைக் காசிமாயன் கவனிக்கவில்லை. அவர் மனசு முதல் இலையில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு விரதம், தான் பக்கத்தில் இருந்தால் கை பரபரத்து ஏதாவது போட்டுவிடும், அதனால் வீட்டை விட்டு நகர்ந்து இருப்பதுதான் அதற்கு நல்லது என்றார்.

"அப்ப எங்க போவீங்க?" என்று ரேணுகா கவலையோடு கேட்டாள்.

"வேற எங்க போக? ஒன்கூட வர்றேன்."

ரேணுகா கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி," என்றாள்.

அந்தச் சரியைக் கேட்டதும் அவர் சுதாரித்திருக்க வேண்டும். வெள்ளை வேட்டியைத் தேய்க்கக் கொடுக்கப் போய்விட்டார்.

கிடா வெட்டு அமோகமாக நடந்தது. முதல் இலை போட்டார்கள். காசிமாயன் உட்கார்ந்தார். தங்கபாண்டியின் மனைவி முத்துப்பிரியா, "வாங்கண்ணே, நீங்க இல்லாம வீடே வெறிச்சுன்னு கெடந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே ஈரலைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். மிளகும் சின்ன வெங்காயமும் மொறுமொறுவென்று ஒட்டிக்கிடந்தன. இரண்டாவது இலையில் முத்துக்கண்ணன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். காசிமாயன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஒரு கண்ணை ஈரல்மேலும் ஒரு கண்ணை முத்துக்கண்ணன்மேலும் வைத்துச் சாப்பிட்டார். ஏழரையிடமிருந்து இந்த அளவுக்காவது அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

கை கழுவினார். வீட்டு முற்றத்தில் மெத்தை நாற்காலி காத்திருந்தது. சாய்ந்தார். கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு கயிற்றுக்கட்டில் போடப்பட்டிருந்தது. கட்டில் முழுக்கப் பைகள். சுருக்குப்பை, மஞ்சப்பை, தூக்குவாளி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் கல்யாணப் பந்திக்குக் காத்திருப்பது போல ஆட்கள். எல்லாருக்கும் பின்னால் முத்துக்கண்ணனும் ஒரு தேங்காயோடு நின்றார்.

"மூணு மாசமா ஒருத்தரும் காய விக்கல மாப்ளே," என்றார் தங்கபாண்டி. "வந்து கேட்ட ஏவாரிககிட்டயெல்லாம் இப்பக் குடுக்க மாட்டோம்னுட்டாங்க. மாப்ள கண்டிப்பா வருவாரு, அதுவரைக்கும் வச்சிருங்கன்னு ரேணுகா சொல்லிருச்சு."

காசிமாயன் ரேணுகாவைத் தேடினார். அவள் கிணற்றடியில் யாரோ ஒரு குழந்தைக்கு மும்முரமாக முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தில் அவ்வளவு அழுக்கு இருக்க நியாயமில்லை.

முதலில் வந்தவள் அன்னக்கொடி, ரேணுகாவின் சித்தி. குரங்கணிக்கு மேலே கொஞ்சூண்டு காடு வைத்துக்கொண்டு, தானே ஏறி இறங்கிப் பார்க்கிறவள். சேலை முந்தியில் முடிந்திருந்த காயை அவிழ்த்து நீட்டினாள்.

"ஏவாரி ரெண்டு பேரு வந்து ஏழுன்னாக, ஏழுக்கும் கீழன்னாக. நான் கொடுக்கல மாப்ளே. நீங்க கொறச்சுச் சொன்னாலும் உள்ளதத்தான் சொல்லுவீக."

காசிமாயன் காயை வாங்கிக் கொட்டினார். உருட்டினார். ஆட்டினார். உடைத்தார். கடித்தார். மறுபடியும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது சும்மா வாய்க்குச் சொல்கிற மரியாதை இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கிழவி விற்காமல் மூன்று மாதம் இதைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"எட்டு அத்தை," என்றார். "நல்ல எட்டு. ஒரு பொட்டுக் கொறஞ்சாலும் கொடுக்காதீங்க."

அன்னக்கொடி முந்தியைத் திரும்ப முடிந்துகொண்டாள். அவள் நடையே மாறிவிட்டது. அதற்குப் பிறகு காசிமாயன் சாயங்காலம்வரை நிமிரவில்லை. ஏழு என்று தான் தரம் பார்த்த காய்க்காரர்களிடம் அது ஏன் ஏழு என்று சொல்லிக் கொடுத்தார். காயை எப்படி இன்னும் கொஞ்சம் பதமாகக் காய வைப்பது என்று சொன்னார். முத்துக்கண்ணனின் தேங்காயைக்கூட ஆட்டிப் பார்த்து, நல்ல தேங்காய் என்றார். மூன்று மாதமாக வீட்டில் படுத்துக் கிடந்ததைவிட இது ஒன்றும் மோசமில்லை என்று அவருக்கே தோன்றியது. அதை வெளியில் சொல்ல அவர் என்ன பைத்தியமா?

திரும்பி வரும் பஸ்சில் கணக்குப் போட்டார். ஈரல் கிடைத்தது, நாற்காலி கிடைத்தது, நல்ல பெயரும் கிடைத்தது. போதும். அடுத்த வாரத்திலிருந்து பழையபடி மீன். எப்போதாவது கிடா வெட்டு என்றால் அன்றைக்கு மட்டும் பட்டினி வைத்தியம். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. அவர் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ரேணுகா சேலைகூட மாற்றாமல் தொட்டியிடம் போனாள். அந்தரத்தில் உம்மென்று நின்றிருந்த ஏழரை அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு மேலும் கீழுமாகக் கண்ணாடியில் ஏறி இறங்கியது. அப்படி ஒரு ஆட்டம். காசிமாயனைப் பார்த்து அது ஒரு நாளும் அப்படி ஆடியதில்லை. அவரைப் பார்த்தால் ஒரு கண்ணைத்தான் திருப்பும்.

"என்னடா தங்கம், பசிக்குதா? நாளைக்குத்தாண்டா," என்றாள் ரேணுகா.

"இது ஏன் ஒன்னயப் பாத்து ஆடுது?"

"தெனமும் விடிகாலைல நாந்தானே எரை போடுறேன். நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே."

காசிமாயன் அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். சாம் கூரையைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, தலையைக் குனிந்துகொண்டது எல்லாம் வரிசையாகக் கண்முன்னால் வந்தன. "அதான் இப்படிக் கொழுத்துச்சா?" என்றார்.

"கொழுத்தாத்தானேங்க பட்டினி போட முடியும்," என்றாள் ரேணுகா சாதாரணமாக.

"சாம்கிட்ட நீ எப்பப் பேசுன?"

"மீனு வாங்குன மறுநாளு. மழைக்கு ஒதுங்குறாப்புல போனேன். பாவம், நல்ல தம்பி. கேட்டதும் சொல்லிருச்சு." அவள் பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு வந்தாள். "நீங்க பாத்துச் சொன்னாத்தாங்க எங்க ஆளுகளுக்குத் திருப்தி. எனக்கும் அதுல ஒரு பெருமை. அத வாய்விட்டுக் கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க. அதான் மீனே பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

காசிமாயனுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. பெருமை என்று அவள் சொன்னது உள்ளே போய் இதமாக உட்கார்ந்துகொண்டது. இருந்தாலும் ஆண்பிள்ளை ஒருவன் ஏதாவது ஒன்றையாவது மிச்சம் பிடிக்க வேண்டாமா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போகட்டும் விடு. அதான் விரதம் முடிஞ்சிருச்சுல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம நான் வீட்லயே இருந்து இதப் பாத்துக்கிறேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் அதுக்கு விரதந்தாங்க," என்றாள் ரேணுகா. "வாரத்துல ஒரு நாளு பட்டினி போட்டாத்தான் மீனு நல்லா இருக்குமாம். எந்தக் கெழமன்னு நேத்துக் கடைக்குப் போனப்ப சாம் தம்பி கேட்டுச்சு. நீங்க ஆரம்பிச்சு வச்ச கெழமையவே சொல்லிட்டேன்."

ஏழரை ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. காசிமாயன் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, ரேணுகாவுக்கு இத்தனை வருஷமாகப் பலித்த வார்த்தை தனக்கும் பலிக்குமா என்று பார்க்க, அவள் சொல்கிற அதே தொனியில், நிதானமாக, "சரி," என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை.